பேராசிரியருக்கு ஒரு பொன்னாடை

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்குப் பொன்னாடை போர்த்தும் வியாதி உண்டு.

கோவில்பட்டியில் நாங்கள் ஒரு வாசகர் வட்டம் நடத்திவந்தோம் (மொத்தம் பதினோரு பேர், அதில் வாசிப்பவர்கள் நான்கு பேர்). நான் செயலாளர். கூட்டத்துக்கு வருபவருக்குப் பொன்னாடை போர்த்துவது என் பொறுப்பு. அதை ஒரு கலையாகவே வளர்த்து வைத்திருந்தேன். பெட்டியிலிருந்து மடிப்புக் கலையாமல் எடுத்து, இரண்டு முனைகளையும் விரலிடுக்கில் பிடித்து, ஒரே வீச்சில் எதிராளியின் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்த் தோளில் இறக்கி, ஆளைக் கேமரா பக்கம் திருப்பி நிறுத்திவிடுவேன். நாலே நொடி. யாருடைய மூக்குக்கண்ணாடியும் கீழே விழுந்ததில்லை. ஒவ்வொன்றையும் கிழமை, மணி, பொன்னாடையின் நிறம் உட்பட நோட்டில் எழுதியும் வைப்பேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள், எட்டயபுரத்திலிருந்து வருகிற கவிஞர்கள், இருபது முறை ரத்ததானம் செய்தவர், ஒருமுறை சிறப்பு விருந்தினர் என்று நினைத்து மைக் செட்காரர் என்று யாரையும் விட்டதில்லை. முக்கியஸ்தர் மாதிரி ஒருவர் எதிரே நடந்து வந்தால் போதும். என் மூளைக்குத் தகவல் போவதற்கு முன்பே கைகள் இரண்டும் உயர்ந்துவிடும்.

இந்தக் கைகளை எடுத்துக்கொண்டு நான் ஸ்பெயினுக்குப் போயிருக்கக் கூடாது.

சையது ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவன். அவனுடைய வாப்பாவுக்குக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை. முப்பத்தைந்து வயதில், நன்றாகப் போய்க்கொண்டிருந்த கல்லூரி விரிவுரையாளர் வேலையை உதறிவிட்டு, மழையில்லாத நிலத்து மண்ணை ஆராயப்போகிறேன் என்று ஸ்பெயினில் ஒரு கடற்கரை ஊருக்குப் போய்விட்டான். "மண்ணப் பாக்க எதுக்குலே அம்புட்டுத் தூரம்? விளாத்திகுளம் பஸ்ஸுல ஏறுனா ரெண்டு பக்கமும் மண்ணுதான்" என்று வாப்பா கேட்டார். ஆனாலும் கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் "மவன் டாக்டருக்குப் படிக்கான், ஊசி போடாத டாக்டர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆறு வருடத்துக்கு முன்பு ஓர் ஆகஸ்டில் அவனைப் பார்க்கப் புறப்பட்டேன். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. வேலை பார்த்த தீப்பெட்டிக் கம்பெனியில் பன்னிரண்டு நாள் விடுப்பு கொடுத்திருந்தார்கள். விஷயம் காதில் விழுந்ததும் சையதின் வாப்பா கடைக்குக் கூப்பிட்டனுப்பினார். நான் அவரைக் காதர் மாமா என்று கூப்பிடுவேன். மேஜைமேல் ஒரு நீள அட்டைப்பெட்டி. உள்ளே அரக்கு நிறத்தில், ஒரு சாண் சரிகை போட்ட பட்டுப் பொன்னாடை. நாங்கள் கூட்டத்தில் போர்த்துகிற ரகமில்லை (அது ஒரு முறை நனைத்தால் கைக்குட்டை அளவுக்கு வந்துவிடும்).

"ஏலே லிங்கம், அங்கன போயி கைய வீசிட்டு நிக்காத. எம் மவனுக்குச் சொல்லித் தார வாத்தியாருக்கு நம்ம கடை சார்பா இதப் போடு. போட்டு, ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. கல்லாவுக்கு மேல மாட்டணும்."

"போட்டுருதேன் மாமா."

"ஒனக்குச் சொல்லவா வேணும்? எமனே வந்து நின்னாலும் நீ முதல்ல பொன்னாடையப் போட்டுட்டுத்தான பேசுவ."

நான் போன ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே இன்னும் சிலருக்கு என் முகம் ஞாபகம் இருக்கும்.

அதிர்ச்சிகள் வாசலிலேயே தொடங்கிவிட்டன. சையது குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மா கதவைத் திறந்த வேகத்தில் என் இரண்டு கன்னங்களிலும் முத்தம் கொடுத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை, பகல் 11.20. அன்றே மனைவிக்குப் போன் செய்து வாக்குமூலம் கொடுத்தேன்.

"அந்தம்மாவுக்கு என்ன வயசு?" என்று கேட்டாள்.

"எழுபதுக்கு மேல."

"சரி, சாப்ட்டியளா?"

மத்தியானம் இரண்டு மணிக்கு ஊரே கதவை அடைத்துக்கொண்டது. கடையடைப்பு என்று நினைத்து, "யாருலே செத்துப்போனது?" என்று சையதிடம் கேட்டேன். "யாரும் சாகல. அவிய எல்லாம் தூங்குதாவ. அஞ்சு மணிக்கு மேலதான் திறப்பாவ" என்றான். பட்டப்பகலில் மூன்று மணி நேரம் வியாபாரத்தை விட்டுவிட்டுத் தூங்குகிற ஜனங்களை நினைத்து அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் சையது தன் கதையைச் சொன்னான். அவனுடைய உதவித்தொகை அந்த மாதத்தோடு முடிகிறது. இன்னும் ஆறு மாதம் நீட்டித்தால்தான் ஆய்வேட்டை முடிக்க முடியும். அதற்குப் பேராசிரியர் ரமோன் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். இரண்டு வாரமாக அனுப்பிய மின்னஞ்சல் ஒன்றுக்கும் அவரிடமிருந்து பதில் இல்லை.

"கையெழுத்து விழலன்னா?"

"பெட்டியக் கட்டிட்டு வந்து வாப்பா கடையில துணி கிழிக்க வேண்டியதுதான். வேலையும் போச்சு, படிப்பும் போச்சு. வாப்பாட்ட இன்னும் ஒண்ணும் சொல்லல லே" என்று சிரித்தான். சிரித்துவிட்டு, காயாத துணியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி பால்கனிக்குப் போய்விட்டான்.

எனக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான். பதிலே போடாத எத்தனையோ பெரிய மனிதர்களை நான் பொன்னாடையால் வழிக்குக் கொண்டுவந்திருக்கிறேன். "விடு. வியாழக்கிழமை காலையில நேரா ஆபீசுக்குப் போவோம். பொன்னாடையப் போட்டதும் ஆளு இளகிருவாரு. இளகுன கையோட படிவத்த நீட்டு" என்றேன்.

வியாழக்கிழமை வெள்ளைச் சட்டை, கரை வேட்டி, நெற்றியில் திருநீறு, கையில் அட்டைப்பெட்டி, சட்டைப் பையில் இரண்டு பக்க வாழ்த்துரை என்று பல்கலைக்கழகத்துக்குப் போய் இறங்கினேன். கட்டடம் பூட்டிக் கிடந்தது. ஆகஸ்டில் அங்கே ஒரு ஜீவனும் வேலை பார்க்காதாம். வாசலில் இருந்த காவலாளி மட்டும் எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டு ஏதோ சொன்னார். அதைக் கேட்டதும் சையதின் முகம் மாறிவிட்டது.

"என்னலே சொல்லுதாரு?"

"சார் லீவுல இருக்காராம். தினமும் மத்தியானம் மலைக்கு அந்தப் பக்கம் உள்ள சின்ன பீச்சுக்குப் போவாராம். போன எடுத்துட்டுப் போக மாட்டாராம்."

"பொறவென்ன? நட."

"வேண்டாம்லே. அது ஒரு மாதிரியான பீச்சு."

"என்ன மாதிரி?"

"வேற மாதிரி."

"திருச்செந்தூர்ல பாக்காத கடலாலே? ஒனக்குக் கையெழுத்து வேணுமா, வேண்டாமா?"

படிவ உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "வா. ஆனா நான் முன்னாடியே சொல்லலன்னு பொறவு சொல்லப்பிடாது."

"நீ இன்னும் ஒண்ணுமே சொல்லலயேலே."

"அதத்தான் சொல்லுதேன்."

(அந்த விஷயத்தை என் முகத்தைப் பார்த்து எப்படித் தமிழில் சொல்வது என்று தெரியவில்லை என்று பின்னால் ஒப்புக்கொண்டான். ஒரே பெஞ்சில் ஏழு வருடம் உட்கார்ந்தவர்கள் நாங்கள். எங்களுக்குள் அதுவரை பேச வேண்டிய அவசியம் வராத விஷயம் அது ஒன்றுதான்.)

ஒற்றையடிப் பாதை. இரண்டு பக்கமும் நாகலாபுரம் பக்கத்துக் காடு மாதிரியே முள்ளும் காய்ந்த புல்லும். பாதை முடிகிற இடத்தில் ஒரு பலகை. வெளியூரில் எந்தப் பலகையைப் பார்த்தாலும் பதிவுக்காகப் படம் எடுத்துவைப்பது என் வழக்கம். எடுத்தேன். (அதில் எழுதியிருந்தது 'இங்கே படம் எடுக்கக் கூடாது' என்று மறுநாள் தெரிந்தது.) பாறையைச் சுற்றித் திரும்பினோம்.

மணி 12.40. நோட்டில் அந்த நேரம் மட்டும்தான் இருக்கிறது. பக்கத்தில் பேனா முனை குத்திய ஒரு புள்ளி. அதற்குமேல் எழுத்து இல்லை.

கடற்கரையில் எழுபது எண்பது பேர் இருப்பார்கள். ஒருவர் உடம்பிலும் ஒட்டுத் துணி இல்லை.

தொப்பி இருந்தது. கறுப்புக் கண்ணாடி இருந்தது. ஒருவர் கைக்கடிகாரம் கட்டியிருந்தார். ஆனால் நூல் என்று சொல்லத்தக்க ஒன்று கண்ணுக்கெட்டிய தூரம்வரை இல்லை. ஒரு ஜவுளிக்கடையின் சார்பாகக் கடல் கடந்து வந்திருப்பவனுக்கு இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர்கள் ஏதாவது கூத்தடித்துக்கொண்டிருந்தாலாவது மனம் ஒருவழியாக ஏற்றுக்கொண்டிருக்கும். ஒருவர் செய்தித்தாள் படிக்கிறார். ஒரு பெரியம்மா தர்பூசணியைக் கீறிப் பக்கத்திலிருப்பவர்களுக்குக் கொடுக்கிறார். ஒரு கணவனும் மனைவியும் குடையை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று சண்டை போடுகிறார்கள். நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இருக்கிற அதே முகங்கள். கழுத்துக்குக் கீழேதான் வித்தியாசம்.

கண்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் வானத்தைப் பார்த்தபடி நடந்தேன். அதனால் ஒருவருடைய செருப்பை மிதித்து, அவர்மேலேயே விழப்போனேன். அதற்குள் இன்னொன்று புரிந்துவிட்டது. கடற்கரை முழுக்கப் பேச்சு நின்றுபோயிருந்தது. செய்தித்தாள் இறங்கியது. தர்பூசணி பாதியில் நின்றது. எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முழுக்கைச் சட்டையும் வேட்டியும் திருநீறும் பெட்டியுமாக அந்த இடத்தில் வெட்கங்கெட்டு நின்றவன் நான் ஒருவன்தான்.

"குனிஞ்ச தல நிமிராம வாலே" என்றான் சையது.

"குனிஞ்சாதான்லே ஆபத்து."

அப்போது கடலுக்குள்ளிருந்து "சையீத்!" என்று ஒரு குரல். அறுபது வயதுக்கு மேல், வெள்ளைத் தாடி, நல்ல ஆகிருதி. அலையை விலக்கிக்கொண்டு எழுந்து, கையை நீட்டியபடி எங்களை நோக்கி நடந்து வந்தார்.

"சார்தான்" என்றான் சையது, பல்லைக் கடித்துக்கொண்டு.

அடுத்து நடந்ததற்கு நான் பொறுப்பல்ல. என் கைகள்தான் பொறுப்பு. ஒரு முக்கியஸ்தர் எதிரே வருகிறார் என்பது மட்டும்தான் அவற்றுக்குத் தெரிந்தது. பெட்டி திறந்தது, பட்டு விரிந்தது, வீச்சு போய்த் தோளில் இறங்கியது. வழக்கமாக அதோடு நிறுத்திவிடுவேன். அன்று என்னுடைய கூச்சமும் சேர்ந்துகொண்டது. முன்பக்கம் இரண்டு முனைகளையும் இழுத்து, ஒரு சுற்றுச் சுற்றி, குழந்தையைத் துண்டில் பொதிகிற மாதிரி முழங்கால்வரை இறுக்கிப் பொதிந்துவிட்டேன். பிறகு மைக் இல்லாத குறையே தெரியாத குரலில், "கோவில்பட்டி காதர் ஜவுளிக்கடை சார்பில்..." என்று தமிழில் முழங்கினேன்.

அதுகூடப் போயிருக்கும். வாப்பா சொல்லியனுப்பிய 'போட்டோ' என்ற சொல் சையதின் கைகளுக்குள்ளும் இருந்திருக்கிறது. அவன் தன்னையறியாமல் போனை எடுத்துப் படம் பிடித்துவிட்டான்.

விசில் ஊதினார்கள். எழுபது எண்பது பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். (அவர்கள் உட்கார்ந்தே இருந்திருக்கலாம் என்று அந்த நிமிடத்தில் நான் உலகத்திலுள்ள எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டேன்.) தர்பூசணிப் பெரியம்மா கத்தியோடு வந்தார். பேராசிரியரின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. கைகளை அசைக்க முடியாமல், பட்டுக்குள் நின்றபடி சையதிடம் ஏதோ கேட்டார். அந்தக் குரலுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஆனாலும் சையது சொன்னான்.

"போன வருசம் ஊர்க்காரவிய கொஞ்சப் பேரு போர்வையோட வந்து, உடுத்திட்டு எந்திரிங்கன்னு கலாட்டா பண்ணுனாவளாம். நீயும் அந்தக் கூட்டத்துல சேர்ந்தவனான்னு கேக்காரு. எம் மாணவன் இப்பிடிச் செய்வான்னு நெனைக்கலங்காரு."

நாளை வெள்ளிக்கிழமை. கையெழுத்துப் போட வேண்டிய மனிதர், என்னால் அவமானப்படுத்தப்பட்டு, நான் கட்டிய கட்டிலேயே நிற்கிறார். இதுவரை நான் செய்த எல்லா முட்டாள்தனமும் என்னோடு போயிருக்கிறது. இதற்கு இன்னொருவனின் மூன்று வருடம் போகப்போகிறது.

வாழ்க்கையில் முதல்முறையாக என் போன் உருப்படியான ஒரு காரியம் செய்தது. அதில் எங்கள் வட்டத்தின் பொன்னாடைப் படங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. எடுத்துப் பேராசிரியரின் முகத்துக்கு நேரே நீட்டினேன். "மரியாதை சார், மரியாதை" என்று தமிழிலேயே கெஞ்சினேன். சையது தன் போனிலிருந்த படத்தை எல்லாருக்கும் எதிரில் அழித்துக்காட்டிவிட்டு, மூச்சுவிடாமல் ஸ்பானிய மொழியில் விளக்கினான். தலைமையாசிரியர், கவிஞர், ரத்ததானக்காரர் என்று ஒவ்வொருவராக விரலால் தள்ளத் தள்ள, கூட்டம் நெருங்கி வந்து எட்டிப் பார்த்தது. ஒரே முழிப்போடு, ஒரே மாதிரி போர்த்தப்பட்டு, ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரையும் பார்த்து முதலில் சிரித்தது அந்தப் பெரியம்மாதான். மைக் செட்காரரின் முகம் வந்தபோது பேராசிரியரும் சிரித்துவிட்டார்.

பிறகு ஏதோ சொன்னார். சையது என்னைப் பார்க்காமல் மொழிபெயர்த்தான்.

"ஒங்க ஊர் மரியாதைய நான் உடுத்திக்கிட்டேன். எங்க ஊர் மரியாதைக்கு ஒங்க ஆளு உடுப்பக் கழத்திட்டுக் கடல்ல இறங்கணுங்காரு."

"வெளாட்டுக்குச் சொல்லுதாரா?"

"தெரியலலே. ஆனா நாளைக்கு வெள்ளிக்கிழமை."

"நீ?"

"படிவம் நனைஞ்சிரும்லா. நான் கரையில நிக்கேன்."

அவனுடைய கையைப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த அந்த ஒற்றைத் தாளை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தான். வேறு வழியில்லை. சட்டையைக் கழற்றினேன். பனியனைக் கழற்றினேன். இடுப்புக்குக் கீழே கை போகமாட்டேன் என்றது. கடைசியில் ஒரு யோசனை தோன்றியது. வேட்டியோடு கடலுக்குள் ஓடி, கழுத்தளவுத் தண்ணீருக்குப் போய், அங்கே மீதி எல்லாவற்றையும் அவிழ்த்து, வெள்ளத்தில் ஓடையைக் கடக்கிறவன் மாதிரி தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மத்தியதரைக் கடலில் வெள்ளைக்கொடி ஒன்று உயர்ந்த அந்தக் காட்சிக்குக் கரையிலிருந்து பலத்த கைதட்டல். எனக்கே சற்றுப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில் பின்னால் வந்த அலையைப் பார்க்கவில்லை.

தண்ணீருக்குள்ளிருந்து நான் எழுந்தபோது கையில் ஒன்றுமில்லை. வேட்டி ஆப்பிரிக்கா பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"சையது!" என்று அலறினேன்.

"பாத்துட்டேன்லே!" என்று கரையிலிருந்து பதில் வந்தது. அவன் சட்டைகூடக் கசங்காமல் நின்றான்.

இருபது நிமிடம் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றேன். கடைசியில் பேராசிரியர் ரமோனே பொன்னாடையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். எனக்கு யாரும் அதுவரை பொன்னாடை போர்த்தியதில்லை. முதல் பொன்னாடையை நான் இடுப்பில் வாங்கிக்கொண்டேன்.

ஒரு சாண் சரிகை வெயிலில் தகதகக்க, மேலே வெள்ளைச் சட்டையுமாக டவுன் பஸ்ஸில் வீடு திரும்பினேன். வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்துவிட்டு, "ரொம்ப அழகாக இருக்கிறது" என்றாராம்.

சாயங்காலம் அழைப்புமணி அடித்தது. வாசலில் கோட்டு போட்ட ஒரு பெரியவர். எனக்கு யாரென்று தெரியவில்லை. "யாரோ வந்திருக்காவ" என்று சையதைக் கூப்பிட்டேன். அவன் ஓடிவந்து தலையில் அடித்துக்கொண்டான். உடுப்போடு வந்ததால் பேராசிரியரை எனக்கு அடையாளம் தெரியவில்லை! முத்திரையைக் கையோடு கொண்டுவந்திருந்தார். சாப்பாட்டு மேஜையில் வைத்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். லீவில் மின்னஞ்சலைத் திறப்பதே கிடையாதாம். முன்பே வந்து கேட்டிருந்தால் அப்போதே போட்டிருப்பாராம். கடலில் இறங்கச் சொன்னது விளையாட்டுக்காம். நான் நிஜமாகவே இறங்கிவிடுவேன் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லையாம். சையது இதை மொழிபெயர்த்தபோது எனக்கு மத்தியானம் வந்ததைவிடப் பெரிய அதிர்ச்சி வந்தது.

அலசி, இஸ்திரி போட்ட பொன்னாடையை முறைப்படி போர்த்திப் படம் எடுத்தோம். படத்தில் பேராசிரியர் கம்பீரமாகச் சிரிக்கிறார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவரை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. அந்தப் படத்தைக் காதர் மாமா கல்லாவுக்கு மேல் மாட்டி, "நம்ம லிங்கம் எம்புட்டு அடக்கமா நிக்கான் பாருங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

சையது ஆறு மாதத்தில் ஆய்வேட்டை முடித்து டாக்டர் ஆனான். தடித்த புத்தகமாகக் கட்டி, வாப்பாவுக்கு ஒரு பிரதி அனுப்பினான். ஒரு நாள் கடை வழியாகப் போன என்னை மாமா கூப்பிட்டார். புத்தகம் விரித்தபடி கிடந்தது.

"ஏலே, இதுல ஒம் பேரு இருக்காம்லா. என்ன எழுதியிருக்கான்?"

"நன்றின்னு எழுதியிருக்கான் மாமா."

"ஒரு நன்றிக்கு நாலு வரியாலே?"

"அந்த ஊர் வழக்கம்."

"சரி. எம் மூத்த மருமவ போன இதுக்கு நேரா காட்டுனா தமிழ்ல வந்துருமாம். ராத்திரி படிச்சிச் சொல்லுதேன்னா."

மறுநாள் கடையிலிருந்து எனக்கு ஒரு பார்சல் வந்தது. வேட்டிதான். ஆனால் இடுப்பில் சுற்றி ஒட்டிக்கொள்கிற பட்டை தைத்தது. கூடவே மாமாவின் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'நல்லா இழுத்துப் பாத்துட்டேன். அலைக்கு வராது.'

அதிலிருந்து அவர்களுக்குப் பெருநாள் என்றாலும் எங்களுக்குத் தீபாவளி என்றாலும் அந்தக் கடையிலிருந்து எனக்கு ஒட்டு வேட்டிதான். மாமாவே நேரில் கொண்டுவருவார். சும்மா கொடுக்கமாட்டார். வாசலில் நின்று பையிலிருந்து எடுத்து, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அந்தப் பட்டையை ஒரு தடவை 'சர்ர்ர்' என்று பிரித்துக் காட்டிவிட்டுத்தான் என் கையில் கொடுப்பார்.